'நாவல் மாதிரி இல்லை' என்பது ஒரு குறையா?

கேள்வி இதுதான்: "பூமணியின் 'வெக்கை' நாவலைப் படித்துவிட்டு 'அசுரன்' பார்த்தேன். எல்லோரும் கொண்டாடுகிறார்கள், எனக்கு மட்டும் ஏமாற்றம். நாவலைப் படித்துவிட்டதாலேயே படத்துக்கு அநியாயம் செய்கிறேனோ என்று தோன்றுகிறது. மூலக்கதையை வைத்துப் படத்தை எடை போடலாமா, கூடாதா?"

போடலாம். ஆனால் எதைத் தராசின் எந்தத் தட்டில் வைக்கிறோம் என்பதில் பலரும் சறுக்குகிறோம். நானும் சறுக்கியவன்தான். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' வெளியானது 1979இல். நான் பார்த்தது சில வருடம் கழித்து, எங்கள் ஊர்க் கொட்டகையில் பழைய படமாக மறுபடி ஓட்டியபோது. டைட்டிலில் புதுமைப்பித்தன் பெயர் வருவதைப் பார்த்துவிட்டு, மறுவாரமே நூலகத்தில் 'சிற்றன்னை'யைத் தேடிப் பிடித்தேன். படித்து முடித்ததும் வந்தது கோபம். கதையில் சுந்தரவடிவேலு என்ற பெயர் இருக்கிறது. ஆனால் அவர் படித்த, சாதுவான பேராசிரியர். மனைவியை இழந்து மறுமணம் செய்துகொண்டவர். படத்தில் விஜயன் நடித்த சுந்தரவடிவேலுவோ ஊரையே ஆட்டிவைக்கிற குரூரன். நோயாளி மனைவி கண்முன்னே இருக்கும்போதே அவள் தங்கையைக் கேட்கிறவன். கதையில் ஊர் இல்லை, ஆறு இல்லை, அந்த முடிவு இல்லவே இல்லை. "இதில் எங்கே இருக்கிறது உதிரிப்பூக்கள்? பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்" என்று நூலகத்தில் இருந்த ஓர் அண்ணனிடம் பொரிந்து தள்ளினேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "கதையில் உனக்கு யார் முகம் ஞாபகம் இருக்கு?" குழந்தைகள் முகம் என்றேன். "படத்தில்?" அங்கேயும் குழந்தைகள் முகம்தான். "அப்புறம் என்னடா?" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தில் முத்திரை குத்தப் போய்விட்டார்.

தாயில்லாத இரண்டு குழந்தைகள், பெரியவர்கள் போடுகிற கணக்குகளுக்கு நடுவே எப்படி உலகத்தைப் பார்க்கின்றன என்பதுதான் 'சிற்றன்னை'. புதுமைப்பித்தன் அதை ஒரு வீட்டுக்குள் வைத்துச் சொன்னார். மகேந்திரன் அந்த இரண்டு குழந்தைகளை மட்டும் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, ஓர் ஊரின் நடுவே நிறுத்தினார். படத்தின் கடைசியில் ஊரே சேர்ந்து சுந்தரவடிவேலுவை ஆற்றுக்குள் இறங்கச் சொல்கிறது. அவன் போகும்முன் சொல்வதன் சாரம் இது: நான் செய்த தப்பிலேயே பெரிய தப்பு, உங்களையும் என்னைப் போல ஆக்கியதுதான். இந்த வசனத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு கரையில் நிற்கிற பிள்ளைகள். வில்லன் ஒழிந்தான் என்று நாம் மூச்சு விடுகிற அதே நேரத்தில், ஒரு அப்பா செத்துப்போகிறார். புதுமைப்பித்தன் எழுதாத காட்சிதான். ஆனால் அவர் கதையை ஒழுங்காகப் படித்தவன் மட்டுமே எடுக்கக்கூடிய காட்சி.

அதனால் மூலக்கதையில் இருக்கிற சம்பவங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு, படத்தில் எத்தனை தேறியது என்று மதிப்பெண் போடுவது வீண் வேலை. 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகங்களும் வந்தபோது இந்தச் சோதனைதான் தமிழ்நாடு முழுக்க நடந்தது. சேந்தன் அமுதனின் பங்கை ஏன் இவ்வளவு சுருக்கினார்கள், இந்தச் சம்பவத்தை ஏன் வெட்டினார்கள் என்று வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து. ஐந்து பாகத் தொடர்கதையை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடைத்தால் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டியது குற்றமில்லை. வெட்டிய இடத்தில் ரத்த ஓட்டம் நின்றுபோனதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மூலம் என்பதே கல்வெட்டு மாதிரி அசையாத ஒன்று என்று நினைத்துக்கொள்வதும் இன்னொரு தப்பு. இதற்கு ஜெயகாந்தனைவிட நல்ல உதாரணம் தமிழில் இல்லை. 1966இல் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை ஆனந்த விகடனில் வந்தது. மழை நேரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு கல்லூரிப் பெண், ஒருவனின் காரில் ஏறுகிறாள். நடக்கக்கூடாதது நடக்கிறது. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா அதிர்ந்துபோனாலும், அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கும்போது விஷயத்தை மறைத்துவிடுகிறாள். மகளை உள்ளே கூட்டிப்போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டி, இது தண்ணீர் இல்லை, நெருப்பு என்று நினைத்துக்கொள், உன்மேல் கறையே இல்லை என்கிறாள். அந்தக் கதையில் நான் மறக்காத இன்னொரு சின்ன விஷயம், பெண்ணின் வாயில் இருக்கும் சூயிங்கம். காரில் அவன் கொடுத்தது. அதைத் துப்பு என்கிறாள் அம்மா. அவ்வளவுதான், கதை முடிந்தது, பெண் சுத்தமானாள்.

வாசகர்கள் கொதித்தார்கள். அதெப்படி ஒரு குடம் தண்ணீரில் எல்லாம் கழுவிப்போகும் என்று சண்டை. ஜெயகாந்தன் என்ன செய்தார் தெரியுமா? சரி, அந்த அம்மா உங்களைப் போல நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலே எழுதினார். அதில் அம்மா அலறி ஊரைக் கூட்டுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அடைக்கலம் கொடுத்துப் படிக்கவைக்கிற மாமாவுக்கும் மனசில் வேறு எண்ணம். அந்தப் பெண் கங்கா பெரிய உத்தியோகத்துக்குப் போகிறாள், ஆனால் அந்த ஒரு மாலை நேரம் அவளை விடவில்லை. நாவலுக்குள்ளேயே 'அக்கினிப் பிரவேசம்' கதை வருகிறது. எழுத்தாளரும் ஒரு பாத்திரமாக வருகிறார். புத்தகம் 1970இல், சாகித்ய அகாதெமி விருது 1972இல். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'.

இப்போது சொல்லுங்கள், இதில் எது மூலம்? எழுதியவரே தன் கதையின் முடிவைத் தலைகீழாக்கி இன்னொன்று எழுதினார். அதனால் முதல் கதைக்குத் துரோகம் நடந்துவிட்டதா? இல்லை, அதன் அர்த்தம் இன்னும் கெட்டிப்பட்டது. அம்மா கொட்டிய தண்ணீரின் மதிப்பு எவ்வளவு என்பது, தண்ணீர் கொட்டாத கங்காவின் வாழ்க்கையைப் பார்த்த பிறகுதான் நமக்கு உறைக்கிறது.

அந்த நாவலை பீம்சிங் படமாக எடுத்தார். திரைக்கதையும் வசனமும் ஜெயகாந்தனே. இதைவிட விசுவாசமான படமாக்கம் வேண்டுமா? படம் நாவலை விட்டு அதிகம் விலகவில்லை. லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் நிமிர்ந்து பார்க்கிற பார்வையில், நாவலில் பக்கம் பக்கமாக ஓடுகிற கங்காவின் மனசு தெரிகிறது. ஆனால் படம் முழுக்க அப்படியா? பல இடங்களில் கண்ணை மூடிக்கொண்டாலும் ஒன்றும் நஷ்டமில்லை, வானொலி நாடகம் மாதிரி வசனம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஜெயகாந்தனின் பாத்திரங்கள் காகிதத்தில் பேசும்போது அது விவாதமாக இருக்கிறது. திரையில் அதே நீளத்துக்குப் பேசும்போது, கேமரா சும்மா நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாகிவிடுகிறது. இலக்கியத்துக்கு நேர்மையாக இருந்தது என்பதற்காகப் படத்துக்குக் கூடுதல் மதிப்பெண் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நல்ல மாவு என்பதால் மட்டும் தோசை நன்றாக வந்துவிடாது, கல்லும் காய வேண்டும்.

வங்காளத்திலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. தாகூர் 1901இல் எழுதிய 'நஷ்டநீட்' கதையை வைத்து சத்யஜித் ராய் 1964இல் 'சாருலதா' எடுத்தார். கதையின் முடிவில் கணவன் பூபதி மைசூருக்குக் கிளம்புகிறான். என்னையும் கூட்டிப் போங்கள் என்கிறாள் சாரு. அவன் தயங்கி, முடியாது என்கிறான், மறுகணமே சரி வா என்கிறான். அந்தத் தயக்கத்தைப் பார்த்துவிட்டவள் 'வேண்டாம், இருக்கட்டும்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறாள். ராய் இதை அப்படியே எடுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் பூபதியை நோக்கி சாரு கையை நீட்டுகிறாள், அவனும் நீட்டுகிறான், இரண்டு கைகளும் தொடுவதற்கு முன்பே சட்டம் உறைந்து நின்றுவிடுகிறது. தாகூரைக் கெடுத்துவிட்டார் என்று அங்கே ஒரு விமர்சனம் எழ, ராய் வங்காள மொழியிலேயே நீண்ட கட்டுரை எழுதி, எந்த மாற்றத்தை ஏன் செய்தேன் என்று காரணம் சொன்னார். தாகூரின் அந்த இரண்டு சொல்லில் இருக்கிற இடைவெளியும், ராயின் இரண்டு கைகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஒன்று காதுக்கு, இன்னொன்று கண்ணுக்கு.

சரி, உங்கள் 'அசுரன்' விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்கும் உங்களோடு பாதி சம்மதம்.

'வெக்கை' 1982இல் வந்தது. கரிசல் நிலம். பதினைந்து வயதுச் சிதம்பரம், அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டுவதிலிருந்தே நாவல் தொடங்குகிறது. கையை எடுப்பதுதான் அவன் திட்டம், வெட்டு விலாவில் இறங்கி ஆள் செத்துப்போகிறான். கதையின் பெரிய சம்பவம் முதல் பக்கங்களிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வாரச் சொச்சம், அய்யாவும் மகனும் காடு, மலை, கரை என்று ஒளிந்து திரிவதுதான் மிச்சம். சோறாக்குகிறார்கள், குளிக்கிறார்கள், பழங்கதை பேசுகிறார்கள், தூங்குகிறார்கள். நாவலை முதல்முறை படித்தபோது எனக்கு ஆச்சரியம் தந்தது ஒன்றுதான்: கொலை செய்துவிட்டு வந்த பையனை வீட்டில் யாரும் 'ஏண்டா இப்படிச் செய்தாய்' என்று கேட்கவில்லை. அடுத்து என்ன செய்வது, எங்கே படுப்பது, யார் சாப்பாடு கொண்டுவருவது என்பதுதான் பேச்சு. அய்யா அவனைத் தோளுக்கு மேல் வளர்ந்தவனாக நடத்துகிறார். அந்தச் செயல் சிதம்பரத்தினுடையது, குடும்பம் அதற்குப் பின்னால் நிற்கிறது. இன்னொரு விஷயம், பூமணி நாவலில் எந்தச் சாதியின் பெயரையும் எழுதவில்லை. எழுதாமலே எல்லாம் தெரிகிறது.

வெற்றிமாறனின் படம் 2019 அக்டோபரில் வந்தது. தனுஷ்தான் அப்பா சிவசாமி, கென் கருணாஸ் சிதம்பரம். நாயகன் யார் என்பது மாறியதுமே கதையின் எலும்பு மாறிவிட்டது. பையன் அப்பாவைக் கோழை என்று நினைக்கிறான். அப்பா யார் தெரியுமா என்று காட்ட ஒரு பழைய கதை திறக்கிறது. அமைதியாக அடங்கிப் போகிறவனுக்குள் ஒரு பயங்கரமான கடந்த காலம். இந்த வார்ப்பை நாம் 1995இல் 'பாட்ஷா'விலேயே பார்த்துக் கைதட்டியாயிற்று. நாவலிலும் அய்யா பழசைச் சொல்கிறார், ஆனால் நடந்துகொண்டே, பேச்சுவாக்கில். படத்தில் அது கிட்டத்தட்டத் தனிப் படமாகவே வளர்கிறது.

ஆனால் அந்தத் தனிப் படத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1892இல் பிரிட்டிஷ் அரசு தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம். வெளியார் கைக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது, போய்விட்டது. வெகுஜனப் படம் ஒன்றில், இவ்வளவு பெரிய நடிகரின் படத்தில், அந்தச் சொல்லை அத்தனை வெளிப்படையாக அதற்கு முன் நான் கேட்டதில்லை. படம் வந்த கையோடு அரசியல் மேடைகளிலும் பஞ்சமி நிலம் பற்றிச் சண்டை மூண்டது. செருப்புப் போட்டு நடந்ததற்காக ஒரு பெண்ணை அவமானப்படுத்தும் காட்சி இருக்கிறது. குடிசைகளுக்குத் தீ வைக்கும் காட்சியில், 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிந்த கீழ்வெண்மணி ஞாபகம் வராமல் இருக்காது. அதில் எனக்கு ஒரு நெருடலும் உண்டு. கீழ்வெண்மணி தஞ்சைப் பக்கத்து நெல் வயலில், கூலி உயர்வும் விவசாயச் சங்கமும் சம்பந்தப்பட்டு நடந்தது. அதைப் பிடுங்கி வேறொரு மண்ணில் நட்டால் தீ மட்டும் வருகிறது, சங்கம் வருவதில்லை. ஒன்றுகூடிய தொழிலாளிகளின் கதை, தனியாளாக வெகுண்டெழுந்து பழிவாங்குகிற ஒருவனின் கதையாகச் சுருங்கிவிடுகிறது.

பூமணி பெயர் சொல்லாமல் விட்டதை வெற்றிமாறன் பெயர் சொல்லி எடுத்தார். இதில் எது உயர்ந்தது என்று கேட்டால் எனக்கு விடை இல்லை. நாவலை ஒருவர் தனியாக உட்கார்ந்து படிக்கிறார், சொல்லாததையும் அவரால் கேட்க முடியும். ஆயிரம் பேர் உட்கார்ந்த கொட்டகையில் மௌனத்தை எல்லோரும் ஒரே மாதிரி கேட்பார்கள் என்று நம்ப முடியாது. பெயர் சொல்ல வேண்டும் என்று இயக்குநர் முடிவு செய்திருந்தால், அது கோழைத்தனத்துக்கு நேர் எதிர். அந்த மாற்றத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்வது வேறு இடத்தில். இடைவேளைக்கு முன் தனுஷ் எழுந்து அடிக்கிற அந்தச் சண்டை இருக்கிறதே, எங்கள் கொட்டகையில் கூரை பறந்தது, நானும் சிலிர்த்துத்தான் போனேன். வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் தோன்றியது: அந்த நிமிஷத்தோடு சிதம்பரம் படத்தை விட்டுப் போய்விட்டான். வெட்டியவன் அவன், ஆனால் அவன் இனிமேல் அப்பாவின் வீரத்தைப் பார்க்கிற பார்வையாளன், அப்பாவின் கதையைக் கேட்கிற பிள்ளை, கடைசியில் அப்பாவின் அறிவுரையை வாங்கிக்கொள்கிற மாணவன். நிலம் இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், பணம் இருந்தால் பறித்துக்கொள்வார்கள், படிப்பை யாராலும் எடுக்க முடியாது என்ற அந்தக் கடைசிப் பேச்சு பலருடைய வாழ்க்கையில் நிஜமாகவே பொருந்தும், அதைக் கேட்டுக் கண் கலங்கியவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பேச்சைக் கிண்டல் செய்ய எனக்கு மனசில்லை. ஆனால் 'வெக்கை'யின் அய்யா பையனுக்குப் பாடம் எடுப்பதில்லை என்பதையும் மறக்க முடியவில்லை.

ஆக, "நாவல் மாதிரி இல்லை" என்று நீங்கள் சொன்னால், இல்லைதான், அதனால் என்ன என்று நண்பர்கள் கேட்பார்கள், அவர்கள் கேட்பது நியாயம். "பையனின் கதையை அவனிடமிருந்து வாங்கி அப்பாவிடம் கொடுத்துவிட்டார்கள், அதனால் படத்தின் பின்பாதியில் பையனுக்கு வேலையே இல்லை" என்று சொன்னால் அது விமர்சனம். நாவலைப் படிக்காதவர்கூட அதைப் படத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். மூலத்தைப் படித்ததால் கிடைக்கிற லாபம் அந்தக் கண்தான். குறை எங்கே இருக்கும் என்று நாவல் கை காட்டும், இருக்கிறதா என்பதைப் படத்திலேயே பார்த்து நிரூபிக்க வேண்டும். படத்துக்குள் நிரூபிக்க முடியாத குறையை நான் எழுதுவதில்லை. அது வெறும் ஏக்கம். ஏக்கம் தப்பில்லை, நண்பர்களிடம் சொல்லிப் புலம்பலாம்.

இன்னொன்று. நாவலை முடித்த சூட்டோடு படத்துக்குப் போகாதீர்கள். வாக்கியங்கள் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும், எந்த நடிகர் வந்தாலும் 'இவர் அவர் இல்லை' என்று தோன்றும். எனக்கு விஜயனின் சுந்தரவடிவேலுமேல் வந்த கோபம் அப்படிப்பட்டதுதான், வரிசை மட்டும் தலைகீழ். இரண்டாவது முறை பார்த்தபோதுதான் அந்த மனிதன் சிரிப்பதே இல்லை என்பதைக் கவனித்தேன். முடிந்தால் 'அசுரனை'யும் இன்னொரு தடவை பாருங்கள், இந்த முறை தனுஷை விட்டுவிட்டு கென் கருணாஸை மட்டும். பேசாமல் நிற்கிற இடங்களில் அந்தப் பையன் எவ்வளவு செய்திருக்கிறான் என்று தெரியும். வெட்டிவிட்டு ஓடிவந்த நடுக்கம் அவன் உடம்பில் ரொம்ப நேரம் இருக்கிறது. முதல்முறை நான் அதைப் பார்க்கவே இல்லை.

பார்த்து முடித்ததும் நாவலின் கடைசிப் பக்கங்களை எடுத்துப் படியுங்கள். படத்தில் சிவசாமி மகன் செய்த கொலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு தனியாகக் கோர்ட்டுக்குப் போகிறார், சிதம்பரம் வெளியே நிற்கிறான். நாவலில் அய்யாவும் மகனும் சரணடையச் சேர்ந்தே நடக்கிறார்கள்.